ஆறு செவ்வாய்க்கிழமை டிஜிட்டல் பயிற்சி, ஒரு பல்லடம் பேக்கரிக்காரி எழுதுவது

காசு கொடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆனால் முதலாளி மட்டும் போய் உட்கார்ந்தால் பாதிக் காசு வீண், கடையில் பில் போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2025 ஜூலை, ஆகஸ்டில் திருப்பூரில் ஒரு சங்கக் கட்டடத்தில் சிறிய ஓட்டல், பேக்கரி, டீக்கடைக்காரர்களுக்கு நடந்த டிஜிட்டல் பயிற்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. ஆறு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை, ஒரு கடைக்கு 4,800 ரூபாய், இரண்டு பேர் வரலாம். அந்த நேரத்தை வைத்ததற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும். கடை நடத்துகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கடை பல்லடத்தில். மாமனார் ஆரம்பித்தது, 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம், ஏழு பேர் வேலை செய்கிறார்கள். பயிற்சிக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே 18,000 ரூபாய் கொடுத்து பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கிவிட்டோம். மாட்ட வந்த பையன் நாற்பது நிமிடம் சொல்லிக்கொடுத்தான், அதிலும் மூன்று தடவை போன் வந்து வெளியே போனான், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. திரையின் ஓரத்தில் 'இதர' என்று ஒரு பட்டன் இருக்கும். கூட்டம் நிற்கும்போது ஐட்டத்தைத் தேட யாருக்கு நேரம், இதரவை அழுத்தி 45 என்று அடித்தால் பில் வந்துவிடும். இப்படியே இரண்டு வருடம். இரவில் மொத்தம் எவ்வளவு என்று மெஷின் சொல்லும், எது விற்றது என்று சொல்லாது. பழைய கால்குலேட்டர் வேலையைத்தான் 18,000 ரூபாய் மெஷின் செய்துகொண்டிருந்தது.

முதல் வகுப்பில் பயிற்சி கொடுத்தவர் எங்கள் இருபத்திரண்டு கடைக்காரர்களிடமும் ஒரே கேள்வி கேட்டார், நேற்று உங்கள் கடையில் அதிகம் விற்றது எது, எத்தனை? அவரே முன்னால் மெஸ் நடத்தியவர். எல்லோரும் சுமாராகத்தான் சொன்னோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பில் போடும் பெண் மட்டும் "தெரியாதுங்க சார், பாதி இதரவுலதான் போட்டிருக்கோம்" என்று நேராகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வேறு எதையும் தொடவில்லை, ஐட்டம் லிஸ்ட் மட்டும்தான். கடையில் விற்கிற ஒவ்வொன்றையும் எழுதி, ஒன்றுக்கு இரண்டு பெயர் இருந்தால் வெட்டி, தினமும் போகிறதை முதல் பக்கத்தில் வைத்து, இதர பட்டனை எடுத்துவிட வேண்டும். நாங்கள் எழுதியது 164 ஐட்டம், தினமும் ஓடுவது அறுபதுதான். அசாமிலிருந்து வந்த தம்பி ஒருவன் காலை ஷிப்டில் பில் போடுவான், அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அவனுக்காக ஒவ்வொரு ஐட்டத்துக்கும் போட்டோ எடுத்துப் போட்டாள் எங்கள் பில் போடும் பெண். இப்போது அவன்தான் எல்லோரையும்விட வேகமாகப் போடுகிறான். இதற்குப் புது மெஷின் வேண்டியிருக்கவில்லை, புது காசும் வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அந்தப் பழைய சாஃப்ட்வேரில் முதல் நாளிலிருந்தே இருந்த வசதிதான்.

அதன் பலன் இரண்டாவது வாரமே தெரிந்தது. மாஸ்டர் காலையில் போட்ட முட்டை பப்ஸ் 120. இரவு பில்லில் 92. தட்டில் மிச்சம் 11. பதினேழைக் காணோம். எண்ணியதில் தப்பு என்று விட்டுவிட்டோம். அடுத்த நாள் 15, அதற்கடுத்த நாள் 19. ஒரு சாயங்காலம் முழுக்க நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. தறி ஷிப்ட் விட்டுக் கூட்டமாக வருகிறார்கள், டீ பாய்லர் பக்கத்திலேயே பப்ஸ் தட்டு இருக்கிறது, ஒரு கையில் டீயும் ஒரு கையில் பப்ஸுமாகப் பேசிக்கொண்டே நிற்கிறார்கள், போகும்போது "டீக்கு எவ்வளவு" என்று கேட்டு, அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, கேட்க வேண்டிய நாங்கள் கேட்கவில்லை. தட்டைத் தூக்கி பில் மேசைப் பக்கம் வைத்தோம், அவ்வளவுதான். ஒரு பப்ஸ் 20 ரூபாய், பதினேழு என்றால் நாளைக்கு 340, மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். எத்தனை வருடமாகப் போனதோ.

இதில் எனக்கு மனசு கஷ்டமான ஒன்றும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது நாள் மாஸ்டர் வந்து, "ஏனுங்க அக்கா, என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டார். பதினான்கு வருடமாக எங்கள் அடுப்படியில் இருக்கிறவர். எதற்காக எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லாமலே காலையும் இரவும் நோட்டுப் போட்டு எண்ண ஆரம்பித்திருக்கிறோம், அவர் வேறு என்ன நினைப்பார்? உட்காரவைத்து, திரையைக் காட்டி, மூன்று நாள் கணக்கையும் அவரையே படிக்கச் சொன்னேன். அதற்கப்புறம் எண்ணுவது அவர் வேலையாகவே ஆகிவிட்டது. ஆனால் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடையில் புதிதாக ஒன்றை எண்ண ஆரம்பித்தால் வேலை செய்கிறவர்களுக்கு அது சந்தேகமாகத்தான் தெரியும், முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். ஆறு வாரத்தில் இருந்த குறைகளில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாவது வகுப்பு யுபிஐ. அது ஜூலை 22. சரியாக அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் யுபிஐ வரவை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பி, அங்கே கடைகளில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் எல்லோர் போனிலும் அந்த வீடியோதான். கியூஆர் அட்டையைக் கழற்றிவிடலாமா என்று நான்கு பேர் கேட்டார்கள். பயிற்சி கொடுத்தவர் பொறுமையாகச் சொன்னது இது: யுபிஐக்கு என்று தனி வரி கிடையாது, மொத்த விற்பனைதான் கணக்கு, கல்லாப்பெட்டியில் விழுகிற ரொக்கமும் அதே விற்பனைதான். பிரட் மாதிரி வரியில்லாத சரக்குக்கு வரி கட்ட வேண்டாம், ஆனால் பதிவு வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கிற மொத்த விற்றுமுதலில் வரி உள்ள சரக்கோடு அதுவும் சேரும். அப்புறம் ஒரு கேள்வி, "உங்க கியூஆர் யார் கணக்குல இருக்கு?" எங்களுடையது வீட்டுக்காரரின் சேமிப்புக் கணக்கு. அதே கணக்கில்தான் சீட்டுப் பணமும் வருகிறது, நாத்தனார் திருப்பிக் கொடுத்த கடனும் வந்திருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் இதில் எது பப்ஸ் விற்ற காசு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அந்த வாரமே கடைக்கென்று நடப்புக் கணக்கு திறந்து கியூஆரை மாற்றினோம். ஒரு டீக்கடை அக்கா, பணம் வந்ததைச் சொல்கிற ஸ்பீக்கர் பெட்டிக்கு மாதாமாதம் பிடிக்கிற வாடகையை யுபிஐ கமிஷன் என்றே நினைத்திருந்தார். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் 2020 ஜனவரியிலிருந்து கட்டணம் இல்லை, பெட்டி வாடகை வேறு என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே நிம்மதி.

மாமனாருக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பவில்லை. "என்ன கண்ணு, வியாபாரம் நல்லாத்தான் நடக்குது, பெட்டியில காசைக் காணோமே" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். மைதா மூட்டை இறக்குகிறவரும் பால்காரரும் ரொக்கமாகத்தான் கேட்கிறார்கள். அதனால் தினமும் இரவில் பில் மொத்தம், யுபிஐ வரவு, பெட்டிக் காசு மூன்றையும் ஒரே வரியில் அவரே நோட்டில் எழுதுகிறார். நோட்டை விடச் சொல்லாதீர்கள், நோட்டும் மெஷினும் பொருந்துகிறதா என்று பாருங்கள் என்று பயிற்சியிலும் சொன்னார்கள். எனக்குப் பிடித்த யோசனை அது.

மூன்றாவது வாரம் விலைக் கணக்கு. ஒவ்வொருவரும் ஒரு ஐட்டத்தை எடுத்து, போனிலேயே கூகுள் ஷீட்டில் அடக்க விலை போட வேண்டும். நாங்கள் எடுத்தது தேங்காய் பன். 25 ரூபாய்க்கு விற்கிறோம், அடக்கம் 14 ரூபாய் இருக்கும் என்பது வீட்டுக்காரரின் கணக்கு. மாஸ்டருக்கு அளவெல்லாம் டப்பாவும் கைப்பிடியும்தான், அதனால் அன்று இரவு தராசை வைத்து ஒவ்வொரு கைப்பிடியையும் நிறுத்தோம். அவர் ஒரு கை டூட்டி ஃப்ரூட்டி 62 கிராம், மூன்று தடவை அள்ளினாலும் இரண்டு கிராம் கூடக் குறைய அதே எடை. அசந்துபோனேன். தேங்காய், சர்க்கரை, மைதா, ஈஸ்ட், வனஸ்பதி எல்லாம் போட்டு, கேஸ், கவர், கூலி, விற்காமல் திரும்புகிற பன் இவற்றையும் சேர்த்தால் 19 ரூபாய் 40 காசு. கேஸையும் ரிட்டர்னையும் நாங்கள் கணக்கில் வைத்ததே இல்லை. இப்போது 30 ஐட்டத்துக்கு ஷீட் இருக்கிறது, மைதா விலை மாறினால் ஒரு கட்டத்தில் மாற்றினால் முப்பதும் மாறிவிடும். விலை ஏற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, ஒன்றும் செய்யாமல் விடலாமா என்று பேச இப்போது கையில் எண் இருக்கிறது. தேங்காய் பன் விலையை நாங்கள் ஏற்றவில்லை, சாயங்காலம் போடுவதில் இருபதைக் குறைத்தோம், ரிட்டர்ன் நின்றுவிட்டது.

அதே வகுப்பின் கடைசி அரை மணி நேரம் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். கடையின் ஒவ்வொரு ஆன்லைன் கணக்கும் யார் பெயரில், யார் போனில் ஓடிபி வருகிறது என்று எழுதச் சொன்னார்கள். சாதாரண வேலை என்று நினைத்து எழுத உட்கார்ந்தால் தலை சுற்றியது. ஜிஎஸ்டி ஓடிபி ஆடிட்டர் ஆபீஸ் போனுக்குப் போகிறது. கூகுளில் கடையைப் பதிந்த ஜிமெயில் வீட்டுக்காரரின் அக்கா பையனுடையது, அவன் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆயிற்று. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்துக் கொடுத்த புரோக்கர் தன் மின்னஞ்சலையே போட்டிருக்கிறார். எங்கள் கடைதான், ஒரு சாவியும் எங்களிடம் இல்லை. எல்லாவற்றையும் எங்கள் எண்ணுக்கு மாற்றி முடிக்க ஒரு மாதம் ஆனது. நீங்கள் எந்தப் பயிற்சிக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் தாளை மட்டும் இன்றிரவே எழுதிப் பாருங்கள்.

எங்கள் பில்லில் அந்த உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க எண் இல்லை என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அது இருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் செட்டிங்கைத் திறந்து ஒரு வரி சேர்க்கிற வேலை, இரண்டு நிமிடம். பில்லிங் விற்றவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம். எங்களோடு வந்த இட்லிக் கடை அண்ணன், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு யாரிடமோ 1,500 ரூபாய் கொடுத்திருந்தார். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே போடலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தெரியாதவர்களிடம் இப்படிப் பிடுங்குவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கூகுளில் கடையைக் காட்டுவதற்கும் ஒருவர் எங்களிடம் 3,000 கேட்டிருந்தார், அதுவும் இலவசம்தான். வரைபடத்தில் எங்கள் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது, வகுப்பிலேயே சரிசெய்துவிட்டோம்.

இனி மற்ற குறைகள். ஆறு வகுப்பில் இரண்டு, ரீல்ஸ் எடுப்பதற்குப் போய்விட்டது. கேக்கில் சாக்லேட் ஊற்றுவதை எப்படி எடுப்பது, பாட்டு எங்கே சேர்ப்பது என்று ஐந்து மணி நேரம். இளைஞர்களுக்குப் பிடித்திருக்கலாம், அதற்கு ஒரு வகுப்பு போதும். அந்த நேரத்தைச் சரக்கு இருப்புக் கணக்குக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதை நாற்பது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள், அதுவும் பெரிய ஹோட்டல் உதாரணம், எங்களில் யாருக்கும் ஒட்டவில்லை. ஸ்லைடு எல்லாம் ஆங்கிலம். பேசுவது தமிழ், திரையில் ஆங்கிலம், பத்தாவது படித்த புரோட்டா மாஸ்டர் ஒருவர் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார். முதல் நாள் இருபத்திரண்டு கடை, கடைசி நாள் பதின்மூன்றுதான்.

டெலிவரி ஆப் பற்றிய பகுதியும் மேலோட்டம். ரெஸ்டாரண்ட் சேவைக்கு 2022 ஜனவரியிலிருந்து ஆப் கம்பெனியே ஜிஎஸ்டியைக் கட்டிவிடும் என்பதைச் சொன்னார்கள், சரி. பேக்கரியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இருக்கிறது, பெட்டியில் கட்டிக்கொடுக்கிற கேக்கும் இருக்கிறது, இதில் எது ரெஸ்டாரண்ட் சேவை, எது வெறும் சரக்கு விற்பனை என்று கேட்டால் ஆடிட்டரைக் கேளுங்கள் என்றார்கள். கமிஷன், விளம்பரச் செலவு, தள்ளுபடி எல்லாம் போக ஒரு ஆர்டரில் கையில் எவ்வளவு நிற்கும் என்று ஒரு ஆர்டரையாவது போட்டுக் காட்டியிருக்க வேண்டும். மூன்றாவது வாரம் கற்ற ஷீட்டை வைத்து நானே போட்டுப் பார்த்து, பப்ஸை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டு கேக்கை மட்டும் வைத்திருக்கிறேன்.

கடைசி நாள் ஒரு பில்லிங் கம்பெனிக்காரரை மேடையில் ஏற்றி விற்கவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வாரம் நம்பி உட்கார்ந்தவர்கள், அவர் காட்டினால் வாங்கத்தான் செய்வார்கள். மூன்று பேர் அங்கேயே முன்பணம் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த பின் வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள், ஒரு மாதம் பதில் வந்தது, அப்புறம் பண்டிகை வாழ்த்து மட்டும்தான்.

இத்தனைக்கும் போகச் சொல்வது ஏன் என்றால், செப்டம்பர் 21 இரவு. மறுநாளிலிருந்து ஜிஎஸ்டி விகிதம் மாறுகிறது, கேக், பிஸ்கட் 18 சதவீதத்திலிருந்து 5, பாக்கெட் மிக்சர் 12-லிருந்து 5. ஞாயிற்றுக்கிழமை, கடை சாத்தும்போது பத்தரை. எங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று கடைக்காரர்கள் சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள், எடுக்க ஆள் இல்லை. எங்கள் பில் போடும் பெண் "நானே மாத்திடறேன் அக்கா" என்று உட்கார்ந்தாள். ஐட்டம் லிஸ்ட் சுத்தமாக இருந்ததால் எந்தெந்த ஐட்டம் என்று அவளுக்குத் தெரியும், மொத்தம் 43. ஒவ்வொன்றாகத் திறந்து விகிதத்தை மாற்றி, விலையை மாற்றி, ஒரு அரைக் கிலோ கேக்குக்கு மாதிரி பில் அடித்து என்னிடம் நீட்டினாள். முன்னால் 300 ரூபாய் கேக்குக்கு 54 ரூபாய் வரி சேர்த்து 354. இப்போது 15 ரூபாய் வரி, 315. கால்குலேட்டரில் நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. காலையில் முதல் கேக் வாங்க வந்தவர் "டிவியில சொன்னாங்களே, குறைச்சாச்சா?" என்று கேட்டார், அவள் பில்லை எடுத்து நீட்டினாள். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பிளஸ் டூ முடித்த பெண், 'இதர' அழுத்திக்கொண்டிருந்தவள்.

டிசம்பர் 31-க்கும் அப்படித்தான். முன்பெல்லாம் புத்தாண்டு கேக் ஆர்டர் மூன்று நோட்டில் இருக்கும், 2024 கடைசியில் இரண்டு வீட்டு கேக்கில் பெயர் மாறிப்போய் ஒரு குழந்தை அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. இந்தத் தடவை எல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில். அட்வான்ஸ் வந்தது, எழுத வேண்டிய பெயர் உறுதியானது, எடுத்துப்போனார்கள் என்று மூன்று லேபிள், 140 கேக், ஒன்றுகூட மாறவில்லை.

அடுத்த பேட்ச் சேரப் போகிறவர்கள் கடைசி மூன்று மாத பில் ரோலையும் மளிகைச் சிட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், வகுப்பில் அதுதான் பாடப்புத்தகம். ரீல்ஸ் நாளுக்கு வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் யாரையாவது அனுப்பிவிட்டு நீங்கள் கடையைப் பாருங்கள். விலைக் கணக்கு நாளைக்கு மட்டும் மாஸ்டரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அன்றைக்கு அவருக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.